படிவம் இரண்டு

எட்டு வருஷம் கழித்து அமுலு
என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்,
செருப்பைக் கழற்றாமல்.
ஜவுளிக்கடைக் கட்டைப்பையை
நெஞ்சோடு பிடித்திருந்தாள்.
"பி.எஃப்.ல உங்க பேருதான் இருக்குதாம்" என்றாள்.
அவ்வளவுதான்.
உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

எத்திராஜ் செத்து நாற்பத்தோரு நாள்.
காரியத்துக்குப் போனேன்,
கை நனைக்காமல் திரும்பினேன்.

பேரணாம்பட்டு தோல் ஷாப்பில்
அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.
சுண்ணாம்புக் குழியில் நின்று வெளுத்த விரல்களால்
என்னவோ படிவம் நிரப்பினேன் என்று சொன்னது
லேசாக ஞாபகம் வந்தது.
கூட வேலை செய்த ரசாக் சொன்னாராம்:
"தங்கச்சி பேரைப் போடுடா.
நாமினின்னு தெரிஞ்சா
நாலு வரன் வரும்."
வந்தது ஒன்று.
அவருக்கும் அது தெரியாது.

ஏழு லட்சத்து நாற்பதாயிரம் என்றாள் அமுலு.
அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.
பொய் சொல்ல மாட்டேன்:
நகையை மீட்டேன்,
பின்பக்கம் ஒரு பாத்ரூம் கட்டினேன்,
டைல்ஸ் நிறம்கூட முடிவு செய்தேன்.
மூணு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கும்போது
அவன் பெண் யோகப்ரியா
பன்னிரண்டாவது படிக்கிறாள் என்பது
ஞாபகம் வந்தது.
பாத்ரூமை இடிக்கவில்லை.
கொஞ்சம் சின்னதாக்கினேன்.

குடியாத்தத்தில் பஸ் ஏறினோம்.
மூணு பேர் சீட்டில்
நடுவில் அந்தப் பை உட்கார்ந்துகொண்டது.
பள்ளிகொண்டாவுக்கு முன்னால் பாலாறு,
வழக்கம்போல மணல்.
அமுலு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
ரங்கநாதருக்கா, ஆற்றுக்கா,
கேட்கவில்லை.

வேலூர் ஆபீசில் மின்விசிறி மட்டும்
எல்லோருக்கும் பொதுவாக வேலை செய்தது.
மூணாவது ஜன்னலில் இருந்தவர்
பழுப்பேறிய தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பேனா மூடியால் காதைக் குடைந்தார்.
"இவருக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?"
அமுலு தேதி சொன்னாள், நேரத்தோடு.
"அப்ப அன்னிக்கே இது செத்துப்போச்சும்மா.
கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது செல்லாது.
அவரு புதுசா எழுதித் தரவும் இல்ல.
உங்களுக்கும் பொண்ணுக்கும் சரி பாதி.
இவங்க கையெழுத்தே வேணாம்."
இவங்க என்றது என்னை.

அந்தக் கல்யாணத்தில்
வரிசைத் தட்டைத் தூக்கி முன்னால் நடந்தவள் நான்.
மேளம் கொட்டின நேரத்தில்
எங்கேயோ ஒரு இரும்பு பீரோவுக்குள்
என் பேர் செத்துக்கொண்டிருந்திருக்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஜன்னல்காரர் முறைத்தார்.

வாரிசுச் சான்று, பேங்க் புத்தகம்,
பென்ஷனுக்குத் தனி ஃபாரம், இன்சூரன்சுக்குத் தனி.
அமுலுவுக்கு 'அ' மட்டும்தான் ஒழுங்காக வரும்.
மீதியை நான் எழுதினேன்.
இறந்தவர் பெயர் என்ற இடத்தில்
என் பேனா எழுதாமல் நின்றது.
உதறி எழுதினேன்.

திரும்பும்போது பஸ்ஸில்
அவள் போனை நீட்டினாள்.
அந்தப் பழைய தாளைப் படம் எடுத்திருக்கிறாள்,
எப்போது எடுத்தாளோ.
நவநீதம் என் பெயர். அதில் 'நீ' இல்லை.
வயசும் ஒன்று குறைச்சல்.
உறவு என்ற கட்டத்தில்
'சகோதரி' என்று ஆரம்பித்து அடித்துவிட்டு
'என் தங்கச்சி' என்று எழுதியிருந்தான்.
என் என்று எழுத
யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அனுப்பட்டுமா?" என்றாள்.
என் நம்பர் அவளிடம் இல்லை.
சொன்னேன்.

அப்பா விட்டுப்போன ரெண்டு சென்ட்டுக்காக
அண்ணன் மேல் நான் போட்ட வழக்கில்
இப்போது அவன் பேரை அடித்து
அமுலு பேரை எழுதியிருக்கிறார் வக்கீல்.
வழக்குக்கு நாமினி தேவையில்லை.
தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

திங்கட்கிழமை வாய்தா.
குடியாத்தம் வரும்வரை
அவளும் அதைப் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
பை மட்டும் எப்போதோ
அவள் மடியிலிருந்து நழுவி
என் மடிமேல் பாதி சாய்ந்திருந்தது.
தள்ளவில்லை.