நாற்பத்திரண்டு அடி

தெரு முழுக்க வடிகால் இருக்கிறது,
சிலாப் போட்டு மூடி, குறை சொல்ல முடியாதபடி.
கடைசி வீடு பொற்கொடி டீச்சருடையது.
அதைத் தாண்டியதும்
காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றுவிடுகிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம்,
பிறகு சீமைக்கருவேலம்,
பிறகு பொதுப்பணித்துறை வாய்க்கால்.
நானும் நூருதீனும் டேப் பிடித்து அளந்தோம்.
நாற்பத்திரண்டு அடி.
பில்டர் அதற்கு வைத்த பெயர்
இரண்டாம் கட்டம்.

அவருடைய விற்பனை அலுவலகத்தில்தான்
இப்போது எங்கள் சங்கம் கூடுகிறது.
ஏசியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்,
சோபாவையும், தண்ணீர்க் கேனின் ஸ்டாண்டையும்கூட.
மாதிரி நகரை மட்டும் விட்டுப் போனார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபத்து நான்கு வீடுகள்,
பஞ்சு மரங்கள், பிசின் ஊற்றிய நீச்சல்குளம்.
கட்டைவிரல் நகமளவு ஒருத்தி
நாயோடு நடந்துபோகிறாள்.
சுவிட்சைப் போட்டால்
அவள் தெருவில் இன்றும் விளக்கு எரிகிறது.
எங்கள் தெருவில்
கம்பம் மட்டும் நட்டிருக்கிறது.

அந்தக் கண்ணாடி மேல்தான் டீ கிளாசை வைக்கிறோம்.
ரசீதுப் புத்தகமும் அங்கேதான்.
சித்தாலப்பாக்கம் சப்-ரிஜிஸ்ட்ராரைப் பற்றி
எட்டாம் நம்பர்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துவார்;
அந்தச் சின்னவள்
ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்:
எதையும் தொடாதீர்கள்.
நீங்களே கட்டி முடித்துவிட்டால்
குறை எங்கே என்று கேட்பான்.
அந்தப் பள்ளம்தான் உங்கள் சாட்சி.

அன்று முதல் சாட்சியைக் காவல் காத்தோம்.
மாதம் ஒருமுறை தேதி தெரிய படமெடுத்தோம்,
பக்கத்தில் செய்தித்தாளைப் பிடித்தபடி.
குப்பை கொட்ட வந்தவனை விரட்டினோம்.
சாட்சிக்குள் தவளை முட்டையிட்டது.
கொசு மருந்து அடித்தால் வழக்கு கெடுமா என்று
முக்கால் மணி நேரம் பேசினோம்.
செயலாளர் நான்தான்,
வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால்.
எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பொருளாளர் எப்சிபா பேசமாட்டாள்.
ரயில்வேயில் கணக்குப் பிரிவு,
வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருஷம்.
பில்டரின் கடிதங்களை ஃபைல் போட்டு வைத்திருந்தாள்.
‘விரைவில்’ என்ற சொல்லை
சிவப்புப் பேனாவால் எண்ணியிருந்தாள். பதினொன்று.

ஐப்பசி கடைசியில் பிடித்த மழை
மூன்று நாள் விடவில்லை.
சுவர் வரை வந்த தண்ணீர்
திரும்பி டீச்சர் வீட்டுப் பக்கம் நடந்தது.
உள்ளே அவர் கணவர், எழ முடியாதவர்.
கட்டில் காலுக்கு நான்கு செங்கல் வைத்தோம்,
மாலையில் எட்டு.
வக்கீலுக்குப் போன் போட்டேன்.
இன்றைக்கு எடுக்கும் படம்
மிக நல்ல படமாக இருக்கும் என்றார்.

கரண்ட் இல்லாத அந்த இரவில்
மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு
கடப்பாரைச் சத்தம் கேட்டது.
நான் எழுந்திருக்கவில்லை.
விழித்துத்தான் இருந்தேன்.

காலையில் சுவரில்
ஒரு ஆள் குனிந்து நுழையும் ஓட்டை.
பள்ளத்தை நிரப்பி, கருவேலத்தைச் சாய்த்து,
நாற்பத்திரண்டு அடியையும்
தண்ணீர் தானே தோண்டிக்கொண்டு போயிருந்தது,
எஸ்டிமேட் இல்லாமல்.
டீச்சர் வாசலில் சேறு மட்டும்,
சேற்றில் ஒரு செருப்பு.

சுவருக்கு நஷ்டஈடு கேட்டு
இரண்டே நாளில் பில்டரின் நோட்டீஸ் வந்தது.
நான்கு வருஷத்தில்
அவர் நேரத்துக்குச் செய்த முதல் வேலை.

வக்கீல் கோபமாக இருக்கிறார்.
யார் உடைத்தது என்று கேட்கிறார்.

தீர்மானம் எண் பதினேழு:
மேற்படி சுவர் குறித்து
சங்கத்துக்கு யாதொன்றும் தெரியாது.
முன்மொழிந்தவர் நூருதீன்.
வழிமொழிந்தவர் பொற்கொடி.
ஒருமனதாக நிறைவேறியது.

கீழே மூன்று கையெழுத்துகள்.
பொருளாளரின் வலது உள்ளங்கையில் கட்டு;
இடது கையால் போட்டிருக்கிறாள்,
கோணலாக,
பேனா அழுந்தி
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.