வெல்லையன்

ஹட்டன் தொழில் காரியாலயத்தில், மூன்றாவது ஜன்னல்.
பழுப்புக் கோப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.
"பேர் பிழை. அடையாள அட்டையில் ஒன்று,
சேமலாபப் படிவத்தில் வேறொன்று.
யார் நிரப்பினது?"

சிட்டம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.
ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு
புருசனின் காசு எங்கே நிற்கிறதென்று
மேசை விளிம்பில் தேடிக்கொண்டிருந்தாள்.

நானும் இன்னும் வாசிக்கவில்லை.
அதற்குள் தெரிந்துவிட்டது.
கொடியில் கிடக்கும் எட்டுச் சட்டையில் தன்னுடையதை
கண் பார்க்குமுன் கை எடுத்துவிடுமே, அப்படி.
கொஞ்சம் கூச்சமாகவும்.

வரிக்கு வரி
ஒரே இடத்தில் பேனா விக்கியிருந்தது.

லயத்துக் காம்பிராவில் மேசை ஏது.
முழங்கால்மேல் பிஸ்கட் டின் மூடி,
மூடியில் புடைத்த யானை.
தும்பிக்கையைத் தாண்டும்போதெல்லாம்
எழுத்து ஒரு தரம் ஏறி இறங்கும்.

அப்போது எட்டாம் வகுப்பு.
கவ்வாத்துக் கத்தியை வெளியே வைத்துவிட்டு
வெள்ளையன் அண்ணன் குந்தியிருந்தார்.
"அழகா எழுது புள்ள."
அழகாகத்தான் எழுதினேன்.
ள வரவேண்டிய இரண்டு இடத்திலும் ல போட்டு
அடியில் கோடும் இழுத்தேன்.

வெல்லையன்.

மழைக்கு வேலை நின்று
அரைப்பேர் போட்ட நாளில்கூட
அவர் பேர் இவ்வளவு குறைந்ததில்லை.

"நான்தான் நிரப்பினேன்."
"நீங்களா? எழுதிக் காட்டுங்க."

கண்ணாடி விரித்த மேசை. வழுக்கிக்கொண்டு போனது பேனா.
இருபத்தேழு வருடம் புடவைக்கடைக் கணக்கெழுதிய கை,
சாய்ந்த, அவசரக் கை,
அந்தப் பிள்ளையை அதற்குத் தெரியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
"ஒத்துவரல்லையே."

"மூடிமேல வச்சு எழுதினது ஐயா, யானை போட்ட மூடி…"
சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது.

சிட்டம்மா அப்போதுதான் வாய் திறந்தாள்.
"அந்த டின்னா? என்கிட்டதான் கெடக்கு.
ஒங்கம்மா சீனி போட்டுக் குடுத்தது.
அவரு மரணச் சான்றிதழ அதுலதான் வச்சிருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.
"திங்கக்கிழம கொண்டாங்க. பாப்போம்."

திங்கட்கிழமை, நோர்வூட் பஸ்.
சிட்டம்மா மடியில் டின்.
துருவில் பாதி யானை போயிருந்தது.
தும்பிக்கையில் விரல் வைத்துப் பார்த்தேன்.
இருக்கிறது. கொஞ்சம்.

டிக்கோயா தாண்டும்வரை
பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில்
பிழையாக எழுதிப் பழகிக்கொண்டே போனேன்,
வெல்லையன்
வெல்லையன்
கை ஒவ்வொரு தரமும் ள போடப் பார்த்தது.