விளக்கெரியாத பொத்தான்

நம்பர் கிடைத்தது ஃபர்வானியா ஆஸ்பத்திரியில்.
டிரிப் ஏற்றிய நர்ஸ், கோட்டயத்துக்காரி,
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கி
நாலாக மடித்து உள்ளங்கையில் அழுத்தினாள்.
"வெள்ளிக்கிழமை கூப்பிடு" என்றாள்.
யாரும் பார்க்கிறார்களா என்று அவள்தான் பார்த்தாள்.

குடிக்கவே கூடாத ஊரில்
குடியை விடப்போகிறேன் என்று
யாரிடம் போய்ச் சொல்வது?
சொன்னால், குடித்தேன் என்று ஆகிவிடுமே.
மோர் பாட்டிலில் வருகிற சரக்குக்கு
ரூம் வாசலுக்கே ஆள் உண்டு.
நிறுத்துவதற்குத்தான்
நாலு மாதம் வழி கேட்டு அலைந்தேன்.

போனை எடுத்தவர் கம்பெனி கேட்கவில்லை,
சிவில் ஐடி கேட்கவில்லை,
எந்த ஊர், எந்த ஆள் என்று துருவவில்லை.
"பேரு?"
"பரமார்த்தலிங்கம்."
"லிங்கம் போதும்" என்றார்.
பன்னிரண்டு வருடத்தில்
பெயரோடு நின்றுகொண்ட முதல் கேள்வி.

கைத்தானில், சலூனுக்கு மேலே, எம் தளம்.
விலாசத்தைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.
அந்தக் கட்டிடத்து லிஃப்ட் என் கையில்தான் இருக்கிறது.
மூன்று தடவை பிரேக் பார்த்திருக்கிறேன்.
எம் பொத்தானில் மட்டும் விளக்கு எரியாது.
புகார் வரவில்லை,
புகார் வராததை நாங்கள் தொடுவதில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை
அந்தக் கதவோரம் செருப்புகள் கிடந்தன.
ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்து
முந்தின ராத்திரியின் நாற்றத்தோடு
கடந்து போயிருக்கிறேன்.

முதல் வாரம் போனேன்.
எதிர்ப் பக்காலா வரைக்கும் போனேன்.
ஒரு ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.
ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள்.
ஒருத்தரும் குடிகாரர் மாதிரி இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.
திரும்பி வந்து குடித்தேன்.
அதையும் எழுதத்தானே வேண்டும்.

போனில் வாசனை போகாது என்று
நம்பியிருந்தவன் நான்.
என் மனைவி எதுவும் கேட்க மாட்டாள்.
"பிள்ளையக் கூப்பிடுங்க, பக்கத்துலதான் இருக்கா"
அவ்வளவுதான்.
மகள் பெயர் எழில்.
வைத்ததும் நான்தான்.
அன்றைக்கு என் நாக்கு "எலில்" என்றது.
"தூக்கம் வருது" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது வெள்ளி
இருட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்பது ஜோடி செருப்பு,
சிமெண்ட் காய்ந்த பூட்ஸ் ஒரு ஜோடி.
உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், சுலைமானி,
கிளாஸில் கரண்டி சுற்றுகிற சத்தம்.
பேச்சு பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ்,
நடுவே யாரோ இந்தியில் அழுதார்கள்.
வவுனியாக்காரர் ஒருத்தர் என் பக்கம் சாய்ந்து
"விளங்குதோ? விளங்காட்டிலும் இருங்கோ" என்றார்.

கிரேன் ஓட்டுகிற சாஜன் எழுந்தான்.
ஊர் ஆலப்புழ என்றான்.
அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும்
என் காதில் ஏறவில்லை.
அந்த ழ.
நாக்கு மடிந்து, எதையும் தொடாமல் நின்று,
வழுக்காமல் இறங்கிய ழ.
ஆறு வருடமாம்.

என் முறை வந்தது.
"லிங்கம். லிஃப்ட் மெக்கானிக்."
அதற்கு மேல் வரவில்லை.
யாரும் இழுக்கவுமில்லை.
பக்கத்து நாற்காலி பேச ஆரம்பித்தது.

இறங்கும்போது, பழக்கதோஷம்,
பொத்தான் பலகையைத் தடவிப் பார்த்தேன்.
இரண்டு திருகு. சுண்டுவிரல் நகமளவு பல்பு.
என் டூல் பையில் எப்போதும் கிடப்பதுதான்.
அன்றைக்குப் பையைக் கொண்டுபோகவில்லை.

ஊரில் மணி பதினொன்று தாண்டியிருந்தது.
"பிள்ளையக் கூப்பிடுங்க" என்றாள்.
கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம்
அங்கே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.
"அவ அப்பவே தூங்கிட்டா" என்றாள்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க."