இருபத்துமூன்றாம் இலக்கப் பிரதி

ஹற்றனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
பனிமூட்டத்துக்குப் பயந்து
மூன்று மணிக்கே லைற் போட்ட அறையில்
இருபத்தொன்பது கட்டுரைகளுக்குப் புள்ளி போட்டோம்.
பெயர்களை மறைத்திருந்தார்கள்.
இருபத்துமூன்றாம் இலக்கத்தில் மட்டும்
சவர்க்கார வாசம்.

சவர்க்கார உறைகளைப் பிரித்து, உட்பக்கத்தில், பென்சிலால்.
பொடி எழுத்து. ஓரம் விடவில்லை.
"டைப் பண்ணாதது செல்லாது" என்றார் நிஸாம்தீன்,
விதி ஆறில் விரலை வைத்தபடி.
விரலை எடுக்காமலே
முதல் உறையை வாசிக்கத் தொடங்கினார்.

*பதுளை. பெண்கள் பகுதி. செவ்வாய்க்கிழமை.
பதினேழு பேருக்கான இடத்தில் முப்பத்தொரு பேர்.
பத்தொன்பது பேர் அபராதம் கட்ட முடியாமல் வந்தவர்கள்.
ஆகக் குறைந்த தொகை ஆயிரத்து ஐந்நூறு.
அதற்குரியவர் பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.
வந்து இருபத்திரண்டு நாள்.
"கட்டவேண்டிய காசுக்கு மேலயே சாப்பிட்டுட்டேன்" என்று சிரித்தார்.
ஆளுக்கு நாட்செலவு எவ்வளவென்று எனக்குத் தெரியாது.
கேட்டிருக்கிறேன்.*

*தண்ணீர் வருவது அரை மணித்தியாலம்.
ஒன்பது நாள் பார்த்து எழுதியது.
மணிக்கூடு இல்லை, காலை ரயில் கூவுவதை வைத்துக் கணித்தேன்.
ரயில் பிந்தினால் என் கணக்கும் பிந்தும்.*

பதினொரு உறைகள்.
கண்ணீர் என்ற சொல்லைத் தேடிப்பார்த்தேன்.
கிடைக்கவில்லை.

ஆனாலும் நான்,
இருபத்தாறு வருஷம் செய்தி மேசையில் இருந்தவள்,
நடுநிலை என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு போட்டேன்.
மறுதரப்பு எங்கே?
நிர்வாகத்தின் கருத்து வரட்டும், வரட்டும் என்று
கொழுந்துத் தராசைப் பற்றி வந்த எத்தனை கடிதங்களை
அதே மேசையில்
ஆறின தேத்தண்ணிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

பதினோராவது உறையின் மடிப்புக்குள், கடைசியில்:

*பொறுப்பதிகாரியிடம் கருத்துக் கேட்டேன்.
ஒரு மாதத்துக்கு என்னைப் பார்க்க யாரும் வரக்கூடாது என்றார்.
அதுதான் அவர் தந்த பதில் என்பதால்
இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.*

நானும் பென்சிலால்தான் போட்டிருந்தேன், நல்லகாலம்.
அழித்தேன். நான்கின் தடம் தாளில் இருந்தது.

பெயரைப் பிரித்தார்கள்.
மாசிலாமணி புவனேஸ்வரி.
பிள்ளைக்காம்பராவில் வரவுப் பதிவேடு எழுதியவளாம்,
எந்தப் பிள்ளை வந்தது, எதற்குக் காய்ச்சல்,
பால்மா எத்தனை கரண்டி.
"என்ன கேஸ்?" என்றார் நிஸாம்தீன்.
அஞ்சலா டீச்சர் தலை நிமிராமலே கேட்டார்:
"மற்ற இருபத்தெட்டுப் பேரிட்டயும் கேட்போமா?"
கீழே கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் சத்தம்.
வேறு யாரும் பேசவில்லை.

பரிசை நானே கொண்டுபோனேன்.
ரயில் நாற்பது நிமிஷம் பிந்தியது;
உள்ளே அவள் கணக்கும் பிந்தியிருக்கும்.

சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம்: ஏலாது.
பேனா: இரும்பு.
பொன்னாடையை வாசல்காரர் இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார்.
"நீளம் கூட, மிஸ்" என்றார் மெதுவாக.
மறுபடி மடித்து என் கையிலேயே வைத்தார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
வெறும் தாள் மட்டும் போனது,
நான்காக மடிபட்டு.

மூன்று கிழமை கழித்து ஓர் உறை வந்தது.
வேறு சவர்க்காரம், எலுமிச்சை.
நன்றி இருக்கும், கொஞ்சம் சந்தோஷம் இருக்கும் என்று
மேசை முழுக்கப் பார்க்கத்தான் பிரித்தேன்.

*திருத்தம்.
முப்பத்தொரு பேர் என்று எழுதியது பிழை.
அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த ஒருவரை
எண்ணாமல் விட்டுவிட்டேன்.
முப்பத்திரண்டு.*