இருநூறில் நூற்றுப் பதின்மூன்று

வெள்ளி காலை பத்து மணி, எட்மன்டன் நேரம்.
இரவு வேலையால் வந்தவன்
இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை.
கட்டைவிரல் திரைக்கு மேலே
கொக்கு மாதிரி நிற்கிறது.

பத்து மணி: வாங்கலாம்.
பத்து மணி முப்பத்தெட்டு நொடி: முடிந்தது.

இருநூறே இருநூறு கத்தி.
இரும்பு கிடைக்கவில்லையா? கிடைக்கிறது.
செய்கிறவருக்குக் கைவலியா? அதுவும் இல்லை.
எண்தான் தீர்ந்துபோனது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
குழந்தைக்கும் தீராத சாமானைத்
தீர்த்துக் காட்டிய கெட்டிக்காரன்!

எனக்கு நூற்றுப் பதின்மூன்று வாய்த்தது.
வான்நீலக் கைப்பிடி, மடிப்பில் பித்தளை வளையம்,
கையொப்பமிட்ட சான்றிதழ், துடைக்க ஒரு துணி.
அது வந்த பெட்டியை வெட்டித் திறந்தது
டொலர் கடையில் வாங்கிய மஞ்சள் பிளேட்.

அலுமாரியில் இதோடு பதினேழு.
ஒன்றையும் விரித்துப் பார்த்ததில்லை;
விரித்தால் விலை குறையும்.
ஆயுத பூசைக்குக் கத்திக்கு
ஒருநாள்தான் ஓய்வு.
சந்தனப் பொட்டு காயுமுன்னே
மறுநாள் பூசணிக்காய் காத்திருக்கும்.
என் பதினேழுக்கும் வருடம் முழுக்கப் பூசை.

தவரஞ்சினி சொல்வாள்:
"உங்களுக்குக் கத்தியிலை ஆசை இல்லையப்பா.
கியூவிலை நிண்டு பழகின கால்.
இங்கை ஒண்டுக்கும் கியூ இல்லை எண்டோடனை
காசு குடுத்துத் தேடிப் பிடிக்கிறியள்."

தொண்ணூற்றிரண்டில்
ஒரு கட்டிச் சவர்க்காரத்தை நூலால் நாலாய் அறுத்து
விற்ற கடை வாசலில்
எனக்கு முன்னால் நின்றவரோடு தீர்ந்தது.
அந்தக் கால் கட்டிக்கு
யாரும் எண் அடித்துக் கொடுக்கவில்லை.
இதை அவளிடம் சொன்னால்
அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும்.
சொல்லவில்லை.

நாலு மாதத்தில்
நானூற்றி இருபது டொலர் கத்தி ஆயிரத்து நூறானது.
அது மெத்தையில் படுத்தபடி சம்பாதித்தது.
நான் களஞ்சியத்தில் நின்றபடி பொதி ஏற்றினேன்.
ஐந்தாம் மாதம் அறிவிப்பு வந்தது:
உங்கள் பேராதரவை முன்னிட்டு
இன்னும் ஓர் இருநூறு, பச்சையில்.
வாக்குத் தவறவில்லையாம். நிறம் வேறாம்.
ஒற்றைப் பிள்ளைக்கு
இருநூறு தம்பிகள் ஒரே பிரசவத்தில்.

பொன் கத்தி என்று வயிற்றில் குத்திக்கொண்ட பிறகு
முலாம்தான் என்று யாரோ வந்து சொல்கிறார்கள்.

ஜனவரியில் வீட்டு ஃபர்னஸ் நின்றுபோனது.
நூற்றுப் பதின்மூன்றை விலைக்குப் போட்டேன்.
ரெட் டியரிலிருந்து கொலீன் வந்தாள்,
மின்வேலை செய்பவள்.
பெற்றோல் நிலையத்து வாசல்,
காலை எட்டு மணி, கழித்தல் இருபத்தேழு.
நான் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினேன்.
சான்றிதழ் கீழே விழுந்து பனியில் ஓடியது.
அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப்
பெருவிரலால் ஒரு தட்டு.

டக்.

ஒன்பது மாதம் என் வீட்டில் இருந்த கத்தி.
அதன் குரலை அன்றுதான் கேட்டேன்.

மேலங்கிப் பையிலிருந்து
ஒரு தோடம்பழத்தை எடுத்தாள்.
"ஐயோ" என்றேன்.
தமிழில் வாழ்த்துகிறேன் என்று நினைத்திருப்பாள்,
சிரித்தாள்.
பழம் இரண்டாய்ப் பிளந்தது.
ஒரு பாதியை நுனியில் குத்தி என் பக்கம் நீட்டினாள்.
தின்றேன். பல் கூசியது.
"நன்றாக வெட்டுகிறது" என்றாள்.
"ஓம்" என்றேன், தெரிந்தவன் மாதிரி.
அலகை ஜீன்ஸில் துடைத்து மடக்கி
சாவிக்கொத்து கிடந்த பைக்குள் போட்டாள்.
சாவியோடு!

வீட்டுக்கு வந்தும் விரலில் அந்தத் தோலின் மணம்.
குளிர்பெட்டியில் ஒரு தோடம்பழம் கிடந்தது.
மேசையில் பதினாறையும் பரப்பி
எதை விரிப்பதென்று
அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கையாலேயே உரித்தேன்.
இன்று வெள்ளி. இன்றுதான் பச்சை.
பத்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம்.
சாறு பட்ட கட்டைவிரலைச்
சட்டையில் துடைத்துக்கொண்டேன்.