கல்லோடு தூக்கினேன்

கட்டைவிரல் நீளம்தான்.
நீலம், வாலில் மட்டும் மஞ்சள்.
டாம்செல் என்று பில்லில் இருந்தது,
நூற்று எண்பது ரூபாய்.
முத்தியால்பேட்டையில், மூன்றாம் மாடியில்,
நான்கடிக் கண்ணாடித் தொட்டி முழுவதற்கும்
பட்டா போட்டுக்கொள்ள
அவனுக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது.

இரண்டு தெரு தள்ளி வங்காள விரிகுடா.
நாங்கள் உப்பை வாளியில் வாங்கி
ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்கிறோம்.
கப்பலுக்குப் போகும்போது அந்துவான்
அளவுகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார்.
எதைப் பிடித்து வெளியே போடுவது என்று
அதில் இல்லை.

முதலில் செத்தது கோபி.
மீனின் பெயரே அதுதான்,
எங்கள் ஆபீஸ் பியூன் பெயரும் அதுதான்.
துரத்தலில் குதித்திருக்கிறது.
நான்கு நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
பெருக்கும்போது விளக்குமாற்றில் வந்தது,
கருவாடாக.
அப்புறம் கோமாளி மீன் ஜோடி.
ஆரஞ்சு வால் இரண்டும் நார் நாராகி
மோட்டாருக்குப் பின்னால், ஒரு சாண் மூலையில்
ஆறு மாதமாக ஒண்டிக்கொண்டு.

வலை விட்டேன். வலையைக் கடித்தான்.
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி
உள்ளே இறால் துண்டு வைத்தேன்.
விழுந்தது ஒரு நத்தை,
யாரிடமும் எந்த வம்புக்கும் போகாத நத்தை.
ஒரு ஞாயிறு முழுக்கப் பாதித் தண்ணீரை
டியூப் போட்டு டிரம்மில் இறக்கினேன்.
குளியலறைத் தரையெல்லாம் உப்பு பூத்தது.
அவன் மீதிப் பாதிக்குள்
இன்னும் வேகமாக ஓடினான்.

கீழ்வீட்டு தேசப்பன், விசைப்படகு வைத்திருப்பவர்,
வந்து பார்த்துக் கைகட்டி நின்றார்.
"முப்பது பாகத்துல வலை போட்டு வஞ்சிரம் அள்ளியிருக்கேன்.
இத எங்கேருந்து மறிக்கிறது, சொல்லு.
பேசாம கடல்ல ஊத்திடு."
டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.
வேறு கடலின் மீன், இங்கே விடவே கூடாது என்று
அந்துவான் ஃபோனில் கத்தினார்,
பின்னால் எஞ்சின் சத்தம்.

வெள்ளிக்கிழமை, இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்ற மௌனத்தில்தான் விழிப்பு.
கட்டிலின் சுவரோரப் பாதியிலிருந்து இறங்கி
பேட்டரி பம்ப்பைத் தேடி
டார்ச்சை அடித்தபோது பார்த்தேன்:
நடுப்பாறையின் பொந்தில்
சாய்ந்து தூங்குகிறான்.
நீலம் போய்விட்டிருந்தது.
பலமுறை துவைத்த யூனிஃபார்ம் போல ஒரு வெளிறல்.
வாய் மட்டும் திறந்து மூடி,
யாரிடமோ இல்லை இல்லை என்று சொல்வதுபோல.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நைட்டிக் கையைச் சுருட்டிக்கொண்டு
தோள்வரை விட்டு
கல்லோடு தூக்கினேன்.
ஏழு கிலோ இருக்கும். விரலைக் கிழித்தது.
தண்ணீருக்கு மேலே வந்ததும்
பொந்துக்குள் ஒரு துடிப்பு,
என் உள்ளங்கைக்குக் கேட்டது.
பக்கெட்டில் விழுந்தான், டப் என்று.
அவ்வளவுதான் எடை.

காலையில் பெயிண்ட் வாளியோடு ஸ்கூட்டியில் கடைக்கு.
"ரிட்டர்ன் எடுக்கறதில்ல மேடம்."
"காசு கேக்கலீங்க."
உள்ளங்கை அகலக் கிளாத்தி ஒன்று இருந்த தொட்டியில்
பேசிக்கொண்டே கவிழ்த்தார்.
அதற்கு மேல் நான் பார்க்கவில்லை,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

இரவு வீடியோ கால்.
"எங்கே, காட்டு."
ஃபோனைத் தொட்டியோரமாக நகர்த்தினேன்.
மணல், பவளம், கொஞ்சம் கோணலாகத் திரும்ப வைத்த கல்.
மூன்றரை அடி காலியாகக் கிடந்தது.
கோமாளிகள் இரண்டும்
மோட்டாருக்குப் பின்னால், அதே சாணில்.
"இன்னும் ஏன் அங்கயே நிக்குது?
அவன் போனது தெரியலையா அதுங்களுக்கு?"
தெரிந்திருக்கும் என்றேன்.
பிளாஸ்டர் சுற்றிய விரலில்
உப்பு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி
அவர் சென்னையில் இறங்குகிறார்.