பதினொரு மில்லிநொடி

புயலுக்கு யாரோ பெயர் வைத்திருந்தார்கள்.
யிக்கா அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
"மூன்று மீட்டர் பத்து" என்பாள், அவ்வளவுதான்.
அந்தக் கோட்டை வடகடல் தொட்டால்
இருபத்து நான்கு இரும்புக் கதவுகளும் இறங்க வேண்டும்,
யாரும் சொல்லாமல்.

ஸீலாந்தின் அந்தக் கழிமுகத்தில்
மூன்று கணினிகள், மூன்று அறைகள்,
ஒன்று எரிந்தால் மற்றதற்குச் சூடு தெரியாத சுவர்கள்.
இரண்டு ஒத்துப்போனால் அதுவே தீர்ப்பு.
நாற்பது மில்லிநொடி கடந்து வரும் விடை
சரியாகவே இருந்தாலும் பிழை:
முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில்.

சண்டை அதைப் பற்றியல்ல.
ஒவ்வொரு கதவும் ஒரு பொருள் என்று வரைந்தார்கள்.
தன் உயரம், தன் பாரம், தன் மோட்டாரின் சூடு
எல்லாம் உள்ளே பூட்டியிருக்கும்.
இறங்கு என்றால் இறங்கும், இத்தனை நொடிக்குள்.
லேண்டெர்ட் அத்தோடு பேனாவை மூடிவிட்டான்.
யிக்கா பலகையில் இன்னொரு வரி எழுதினாள்:
கீழே ஏதாவது இருந்தால், மாட்டேன்.

"கதவுக்கு எதற்குக் கருத்து?"
"கருத்தில்லை. கண்."
"நுரை அந்தக் கண்ணை மறைத்தால்?
ஒரே ஒரு வாசல் திறந்து கிடந்தால்
ஊருக்குள் எவ்வளவு தண்ணீர், தெரியுமா?"
தெரியும். கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.
தொண்ணூறு நொடி தாங்கும்.
அதற்குப் பிறகு
கீழே எது இருந்தாலும் இறங்கும்.
அந்த வரியில் மட்டும் அவள் எழுத்து கோணியிருந்தது.
லேண்டெர்ட் ஆறிய காப்பியை நகர்த்திவிட்டுக் கையெழுத்திட்டான்.

தமிழில் இதற்கொரு வசதி உண்டு.
பொருளின் இயல்பும் தன்மை,
நான் என்று பேசும் இடமும் தன்மை.
அந்த இடம் உயர்திணைக்கே உரியது
என்றது பழைய இலக்கணம்.
யிக்காவுக்குத் தமிழ் தெரியாது.
தெரியாமல்தான் மீறினாள்.

ஜனவரி. இரவு இரண்டு பதினேழு.
நீர் தொட்டது.
முதல் கணினி, மூடு.
இரண்டாவது, மூடு.
மூன்றாவதன் ரேடாரில் மட்டும்
பத்தொன்பதாம் வாசலருகே ஒரு புள்ளி.
அலையா, படகா?
இன்னொரு முறை கணக்கிட்டது.
பொறு, என்றது.
நாற்பதுக்கு மேல் பதினொரு மில்லிநொடி,
இமை அசையத் தொடங்கக்கூடப் போதாத காலம்.
வாக்கு முடிந்திருந்தது.

இருபத்து மூன்று கதவுகள் இறங்கின.
பத்தொன்பது பாதியில் நின்றது.

அதன் கீழே எஞ்சின் அணைந்த சிப்பிப் படகில்
மாரினுஸும் மருமகள் யோஸினாவும்.
தங்களைப் பற்றி ஓர் ஓட்டெடுப்பு நடந்ததும்
அதில் தோற்றதும் அவர்களுக்குத் தெரியாது.
தலைக்கு மேல் இரும்பு சொட்டிக்கொண்டிருந்தது.
யோஸினா எஞ்சினைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள்.

கட்டுப்பாட்டு அறையில் யிக்கா எண்ணினாள்.
நிறுத்த ஒரு கைவிசை அங்கே இல்லை:
மனிதக் கை நடுங்கும், வேண்டாம் என்று
எடுக்கச் சொன்னவளே அவள்தான்.
ஐம்பது.
அறுபத்தைந்து.
எண்பது என்று சொல்ல வாய் வரவில்லை.
எண்பத்து நான்கில் எஞ்சின் இருமியது.
எண்பத்தேழில்
வாசல் காலியென்று கண்ட கதவு
எவரையும் கேட்காமல் இறங்கியது.

விடிந்ததும் பதிவேட்டைப் பார்த்த லேண்டெர்ட்,
"மூன்றாவது சொன்னதுதான் சரி" என்றான்.
"தாமதம்" என்றாள் யிக்கா.
மூன்றாம் கணினியைக் கழற்றச் சொன்னாள், சோதனைக்கு.

அவன் போன பின் கதவின் வரைவைத் திறந்தாள்.
தொண்ணூறை அழித்தாள்.
ஜன்னலுக்கு வெளியே
கடலைவிடத் தாழ்ந்த வயல்களில்
பள்ளிக்குப் போகும் சைக்கிள்கள்.
வெற்றிடத்தில் கோடு மின்னி மின்னி மறைந்தது.
நெடுநேரம் கழித்து
தொண்ணூறு என்றே மறுபடி எழுதினாள்.